ஸ்டென்ட் போட்ட அப்பாவும் கறுப்பு மலமும்: குற்றம் எந்தக் குளிசையில்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. மே மாதம் மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். அஸ்பிரின் 75, குளோபிடோகிரல் 75, அட்டோவாஸ்டட்டின், பைசோப்ரொலோல் பாவிக்கிறார். முழங்கால் நோ தாங்காமல் போன மாதம் பாமசியில் குளிசை வாங்கிப் பத்து நாள் போட்டார். டைக்ளோபெனாக் 50 என்று பிறகுதான் தெரிந்தது. அதன் கடைசி மூன்று நாளும் கரி போலக் கறுப்பாக வெளிக்குப் போனது. “இரத்தம் கரைக்கிற குளிசைதான் குடலைக் கரைச்சுப் போட்டுது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். கறுப்பு நின்றுவிட்டது. இன்றைக்கு ஒன்பது நாள். கிளினிக் திகதிக்கு இன்னும் இரண்டு கிழமை கிடக்கிறது. உவர்மலை ஏற்றத்தில் இப்போது நின்று நின்றுதான் வருகிறார், மூச்சு வாங்குகிறது. அந்தக் குளிசைகளை இனித் தொடாமல் விடலாமா? கீரை சாப்பிடக்கூடாது என்கிறார்களே, உண்மையா? கந்தசஷ்டி பிடிப்பேன் என்றும் நிற்கிறார். — வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கறுப்பு வயிற்றில் கசிந்த இரத்தமாக இருக்கலாம். நாளை விடிய அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓ.பி.டி. வரிசையில் நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, “மே மாதம் ஸ்டென்ட் வைத்தவர், கறுப்பாக வெளிக்குப் போனது, ஒன்பது நாளாக அஸ்பிரினும் குளோபிடோகிரலும் இல்லை” என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, ஸ்டென்ட் வைத்தபோது தந்த டயக்னோசிஸ் கார்ட், வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகள், பாமசிக் குளிசையின் மிச்சம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இன்றிரவே இடையில் மறுபடி கறுப்பாகப் போனாலோ, கோப்பித் தூள் கரைத்ததுபோல் சத்தி எடுத்தாலோ, எழும்பும்போது கண் இருண்டாலோ, நெஞ்சு நோ வந்தாலோ விடியும்வரை இருக்க வேண்டாம், 1990-க்கு அழையுங்கள். கண் இருண்டு மயங்கப் பார்த்தால் அம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைத்து, காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரத்தம் இழந்தவரை அப்படி நிமிர்த்தி வைத்தால் வழியிலேயே மயங்குவார். “வயிற்றுப் புண்ணுக்குப் பால் நல்லது” என்று கொடுக்கவும் வேண்டாம். வாய் வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்ய வெறும் வயிறு வேண்டும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை வீட்டில் இருக்கும். உடம்பு குளிர்ந்து வியர்த்து, தலை சுற்றுகிறவருக்கு அது பிரஷரை இன்னும் இறக்கிவிடும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

நாடி சாதாரணமாக அடிக்கிறதே என்று ஆறுதல் அடைவதும் உங்கள் வீட்டில் செல்லாது. இரத்தம் இழந்தால் நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடும் என்பது பொது விதி. அப்பா போடும் பைசோப்ரொலோல் இதயத் துடிப்பைக் கட்டிப் பிடித்து வைக்கும் குளிசை. அரை லீற்றர் இரத்தம் போன பிறகும் அவருடைய நாடி 70-இல் நிற்கலாம். அவர் ஒன்பது நாள் முன்பே நிறுத்தியிருக்கிறார் என்றாலும் மீண்டும் தொடங்கினால் இது நினைவில் இருக்கட்டும்.

உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இதய வருத்தம் கூடியதாலும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் எனக்கு முதலில் தோன்றுவது இரத்தசோகைதான். போன இரத்தம் போனதுதான், கறுப்பு நின்றவுடன் அது திரும்பி வருவதில்லை. ஹீமோகுளோபின் குறைந்தால் இதயத்துக்கே ஒக்சிசன் பற்றாது. ஏற்கெனவே இதயக் குழாய் குறுகியவருக்கு அது நெஞ்சு நோவாகவோ மூச்சு வாங்கலாகவோ தெரியும். எஃப்.பி.சி. என்ற இரத்தச் சோதனை ஒன்று எடுத்தால் விடை கிடைத்துவிடும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இதய நோயாளிக்கு 8-க்குக் கீழே வந்தால் இரத்தம் ஏற்றுவதைப் பெரும்பாலும் யோசிப்பார்கள். சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் யூரியாவும் கிரியாட்டினினும் எடுக்கச் சொல்வார்கள். குடலில் செரித்த இரத்தம் புரதமாக உறிஞ்சப்பட்டு யூரியாவை மட்டும் தனியே ஏற்றும், கிரியாட்டினின் அசையாது. அண்மையில் மேல் வயிற்றில் கசிவு இருந்தது என்பதற்கு அது நல்ல தடயம்.

இனி, குற்றம் எந்தக் குளிசையில் என்ற கேள்வி.

“இரத்தம் கரைக்கிற குளிசை” என்ற பெயரே பாதித் தொல்லைக்குக் காரணம். அஸ்பிரினோ குளோபிடோகிரலோ இரத்தத்தைக் கரைப்பதில்லை, தண்ணீராக்குவதும் இல்லை. காயம் பட்ட இடத்தில் முதலில் போய் ஒட்டி அடைப்பவை குருதிச் சிறுதட்டுகள், அதாவது பிளேட்லெட்டுகள். இந்த இரண்டு குளிசையும் வெவ்வேறு வழியால் அவற்றின் ஒட்டும் குணத்தை எடுத்துவிடுகின்றன. ஸ்டென்ட் என்பது உடம்புக்கு வேற்றுப்பொருளான உலோக வலை. அதன்மேல் பிளேட்லெட் ஒட்டினால் குழாய் நிமிடங்களில் அடைபடும். அதற்குத்தான் இரண்டு குளிசை.

அஸ்பிரினுக்கு இன்னொரு முகம் உண்டு. வயிற்றின் உட்சுவரைத் தன் அமிலத்திலிருந்தே காப்பது சளிப்படலம். அந்தப் படலத்தைச் சுரக்கச் சொல்லும் கட்டளை புரொஸ்டாகிளண்டின் என்ற பொருளால் போகிறது. அஸ்பிரின் அதன் உற்பத்தியையும் நிறுத்துகிறது. 75 மில்லிகிராமும் இதைச் செய்யும். இது இரத்தத்தின் வழியே நடக்கும் வேலை என்பதால், மேலே பூச்சுப் பூசிய அஸ்பிரினாலும் புண் வரும். “பூச்சுக் குளிசை, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது” என்பது வியாபாரப் பேச்சு. குளோபிடோகிரல் தானாகப் புண் ஆக்குவது குறைவு. ஆனால் இருக்கிற புண்ணை ஆறவிடாது, கசிகிற இடத்தை அடைக்கவும் விடாது.

இந்த இரண்டோடும் அப்பா நான்கு மாதம் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாம் மாதம் மேலே வந்து விழுந்தது டைக்ளோபெனாக். அதுவும் அதே சளிப்படலத்தை மெலியச் செய்கிறது, பல மடங்கு பலமாக. ஒருவர் மதிலில் கல்லைக் கழற்றுகிறார், இன்னொருவர் சீமெந்து குழைப்பவரைத் திருப்பி அனுப்புகிறார் என்று வையுங்கள். வயது 65-ஐத் தாண்டியதும் கணக்கில் சேரும். போதாக்குறைக்கு டைக்ளோபெனாக் இதயத்துக்கும் ஆகாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அறிவித்தது. ஆக, நிறுத்த வேண்டிய குளிசை ஒன்றே ஒன்று. அதோடு சேர்த்து இதயத்தைக் காத்த இரண்டையும் அப்பா நிறுத்திவிட்டார்.

அந்த ஒன்பது நாளில் என்ன நடந்திருக்கும்? அஸ்பிரின் பட்ட பிளேட்லெட் சாகும்வரை வேலை செய்யாது, ஆனால் உடம்பு நாளுக்குச் சுமார் பத்திலொரு பங்கு புதிதாக விடுகிறது. ஐந்தாம் நாளில் பாதி புதுசு. ஒன்பதாம் நாளில் ஏறக்குறைய முழுப் படையும் ஒட்டத் தயாராக நிற்கிறது. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு குளிசையும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம். இரத்தக் கசிவு அபாயம் அதிகமானவருக்கு அதை மூன்றோ ஆறோ மாதமாகக் குறைத்து, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வதும் உண்டு. அப்பா ஐந்தாம் மாதத்தில் இருப்பதால் எதை முதலில் திரும்பத் தொடங்குவது, இரண்டாவது தேவையா என்பதை இதய நிபுணரும் எண்டோஸ்கோப்பி செய்பவரும் பேசி முடிவெடுப்பார்கள். கசிவு கட்டுக்குள் வந்தபின் அஸ்பிரினை ஓரிரு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் திரும்பத் தொடங்குவதுதான் வழக்கம். என் பதிலை வைத்துக்கொண்டு நீங்களாக இன்றிரவு தொடங்கவும் வேண்டாம், ஹீமோகுளோபின் என்னவென்று யாருக்கும் தெரியாது.

மற்றொரு பக்கமும் சொல்ல வேண்டும். மாரடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாமல், “வயசு போச்சு, ஒரு அஸ்பிரின் நல்லதுதானே” என்று தானாகப் போடுகிறவர்கள் ஊரில் ஏராளம். அவர்களில் பலருக்குக் கிடைக்கும் நன்மையைவிடக் கசிவு அபாயம் பெரிது. அவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்டு நிறுத்தலாம். அப்பாவின் கதை அதுவல்ல.

எண்டோஸ்கோப்பிக்கு அப்பா பயந்தால், தொண்டையில் மரக்க வைக்கும் மருந்து அடித்து, பென்சில் தடிப்புக் குழாயால் பார்க்கும் சில நிமிட வேலை என்று சொல்லுங்கள். புண் தெரிந்தால் அங்கேயே ஊசியோ கிளிப்போ போட்டு அடைப்பார்கள். கசிவு நடந்துகொண்டிருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் செய்வது முறை. ஒன்றும் தெரியாவிட்டால் பெருங்குடலையும் பார்க்கச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் சில வேளை முதன்முதலில் தலைகாட்டுவது இப்படித்தான்: பாதி வளர்ந்த கட்டி, இந்தக் குளிசைகளால் முன்கூட்டியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். “குளிசையாலதான்” என்று முடிவுகட்டி விட்டுவிடுகிற வீடுகளில் அது தவறிப்போகிறது.

அதோடு ஹெலிகோபக்டர் பைலோரி கிருமிக்கான சோதனையையும் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப் புண்ணுக்கு அது முக்கிய காரணம் என்று காட்டியதற்காக இரண்டு அவுஸ்திரேலியருக்கு 2005-இல் நோபல் பரிசே கிடைத்தது. கசிவு நேரத்தில் எடுக்கும் சோதனை இல்லாததுபோல் பொய் சொல்லக்கூடும், இல்லை என்று வந்தால் பிறகு ஒருமுறை மலச் சோதனையில் பார்க்க வேண்டும். அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல், பன்டொப்ரசோல் போன்றவற்றை அந்தச் சோதனைக்கு இரண்டு கிழமை முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அப்பாவைப் போன்றவருக்கு அப்படிச் சும்மா விட முடியாது, அந்த இரண்டு கிழமைக்கு வேறு வழியால் அமிலத்தைக் குறைக்கும் பமோட்டிடின் மாற்றிக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் பதினான்கு நாள் மருந்து. அதில் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் கொழுப்புக்குப் போடும் அட்டோவாஸ்டட்டினைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் தசை நோ வரலாம். எழுதித் தருகிறவருக்கு அப்பா என்னென்ன குளிசை போடுகிறார் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இனி வாழ்நாள் பாதுகாப்பு. இரண்டு குளிசையோடும் இருக்கும்வரை அமிலம் குறைக்கும் குளிசை ஒன்று கூடவே இருக்க வேண்டும். முன்பே ஏன் தரவில்லை என்று இப்போது சண்டை பிடிப்பதில் பயனில்லை, கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் எழுதித் தந்தும், “எனக்குக் காஸ்ட்ரைட்டிஸ் இல்லையே” என்று அந்த உறையை மட்டும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அஸ்பிரின் புண்ணில் பாதிக்கு நோ இருக்காது, எரிவும் இருக்காது. முதல் அறிகுறியே கறுப்பு மலம்தான்.

நம்முடைய கிளினிக்குகளில் அதிகம் கிடைப்பது ஒமெப்ரசோல். குளோபிடோகிரல் வயிற்றில் போனதும் வேலை செய்யாது, ஈரலில் ஒரு நொதி அதை மாற்றிய பிறகுதான் செய்யும். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆகவே குளோபிடோகிரல் உள்ளவருக்குப் பன்டொப்ரசோல் 40 எழுதித் தரும்படி கேளுங்கள். அது கைக்கு வரும்வரை ஒமெப்ரசோலை நிறுத்திவிட்டு வயிற்றுக்குக் காவலே இல்லாமல் இருப்பதைவிட ஒமெப்ரசோலே மேல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது, வயிற்றுக் கசிவு குறைந்தது, மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை.

போடும் நேரம்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்து, எல்லாக் குளிசையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவது வழக்கம். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டுக்குத்தான் விழிக்கும். பன்டொப்ரசோல் அதற்கு முன்பே இரத்தத்தில் நின்றால்தான் அவற்றைப் பிடிக்கும். எனவே எழும்பி முகம் கழுவியதும் பன்டொப்ரசோலைத் தண்ணீரோடு முழுதாக விழுங்கி, அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பாடு, சாப்பிட்ட பிறகு அஸ்பிரினும் குளோபிடோகிரலும். தேத்தண்ணியை அரை மணித்தியாலத்துக்குள் குடித்தாலும் பெரிய குற்றமில்லை. பன்டொப்ரசோல் காப்பது வயிற்றையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் மட்டும்தான். கீழ்க்குடலில் வரும் கசிவுக்கு அது காவல் இல்லை, ஆகவே சிவப்பு இரத்தம் கண்டால் “குளிசை போடுறார்தானே” என்று இருக்கக்கூடாது.

இன்னொன்று. கடற்கரை ஊரில் அஸ்பிரினை உறையிலிருந்து கொட்டி ஒரு பழைய டின்னில் போட்டு வைத்தால் ஈரம் பிடித்துச் சிதையும். மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அந்த அஸ்பிரின் உடைந்து அசற்றிக் அமிலமாகவும் சலிசிலிக் அமிலமாகவும் மாறியிருக்கிறது. பிளேட்லெட்டைப் பிடிக்கும் சக்தி போய்விடும், வயிற்றைச் சுடும் குணம் மட்டும் நிற்கும். அவற்றை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள்.

முழங்கால் நோவுக்கு வருவோம், அதுதானே எல்லாவற்றுக்கும் தொடக்கம். பனடோல் 500-இல் இரண்டு, நாளுக்கு மூன்று வேளை போடலாம், ஈரல் வருத்தமோ தினக் குடியோ இல்லாதவருக்கு. மேலே பூசும் டைக்ளோபெனாக் ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குள் போவது மிகச் சிறிது, டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குறுகிய காலத்துக்குப் பாவிக்கலாம். கதிரையில் இருந்து காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணி விடும் பயிற்சியைக் காலை மாலை பதினைந்து தடவை செய்தால் ஆறு கிழமையில் வித்தியாசம் தெரியும். கன்னியாவில் வெந்நீர் அள்ளி ஊற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் ஹீமோகுளோபின் ஏறிய பிறகு போகட்டும். இப்போதைய நிலையில் சூட்டுத் தண்ணீரில் பிரஷர் இறங்கித் தலைசுற்றும்.

தொடக்கூடாதவை: டைக்ளோபெனாக், ஐபியூபுரோபென், நப்ரொக்சென், மெபனமிக் அசிட். ஐபியூபுரோபென் அஸ்பிரினின் இடத்தில் போய் இருந்துகொண்டு அதை வேலை செய்யவும் விடாது. “வயிற்றுக்குப் பாதகமில்லை” என்று தரும் எட்டோரிகொக்சிப் இதயத்துக்குப் பாதகம். டிஸ்ப்ரினும் அஸ்பிரின்தான், தலையிடிக்கு அதைப் போட்டால் கணக்கு பல மடங்காகும். இந்த நோ மருந்துகளை ஊசியாக ஏற்றினாலும், பின்வழியால் வைக்கும் சப்போசிட்டரி ஆனாலும் கெடுதல் அதேதான். வயிற்றில் படாததால் புண் வராது என்று நினைக்கிறார்கள், ஆனால் மருந்து இரத்தத்தில் போய்த்தான் வயிற்றைக் கெடுக்கிறது. பாமசியில் உறையில்லாமல் வெட்டித் தரும் எதையும் வாங்க வேண்டாம், பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரில்லாத மூட்டு நோத் தூளுக்கும் குளிகைக்கும் இதே விதி.

காய்ச்சல் வந்தால் இது இன்னும் பெரிய விடயம். ஐப்பசி மழை தொடங்கினால் டெங்கும் கூடவே வரும். டெங்கு பிளேட்லெட்டைக் குறைக்கும். குறைந்த பிளேட்லெட்டை அஸ்பிரினும் குளோபிடோகிரலும் முடக்கி வைத்திருக்க, மேலே ஒரு டைக்ளோபெனாக் சப்போசிட்டரி வைத்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும். மூன்றாம் நாள்வரை பொறுக்காமல் முதல் நாளே காட்டி, ஸ்டென்ட் கதையைச் சொல்லுங்கள். குளிசையை இடைநிறுத்துவதா என்பதை வாட்டில்தான் முடிவெடுப்பார்கள்.

இனிக் கறுப்பை இனங்காண வேண்டும். நாளைக்கு அயன் குளிசை தரப்போகிறார்கள், அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும். கணவாயை மையோடு கறி வைத்துச் சாப்பிட்ட மறுநாளும் கறுக்கலாம். இரத்தக் கறுப்பு வேறு: றோட்டுக்குப் போடும் தாரைப்போல மினுங்கும், கக்கூசுக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாளித் தண்ணீர் கேட்கும், மணம் வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும். அயன் கறுப்பு கரும்பச்சை கலந்தது, உருண்டு கட்டியாக வரும், அந்த மணம் இருக்காது. சந்தேகமானால் கொஞ்சத்தை வெள்ளைக் காகிதத்தில் தடவித் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஓரத்தில் செம்மை ஊறினால் இரத்தம். செம்மை காணாவிட்டாலும் தார்போல் இருந்தால் ஆஸ்பத்திரிதான். அப்பா வெற்றிலை போடுகிறவர் என்றால் சத்தியில் தெரியும் சிவப்பை அதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு, கடைசியாக எப்போது போட்டார் என்று கேளுங்கள். அயனைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண், முன்னும் பின்னும் ஒன்றரை மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

கீரை விடயம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும். அது இரத்தம் உறைவதை வேறு வழியால் தடுக்கும் வார்பரின் என்ற குளிசை போடுகிறவர்களுக்கான எச்சரிக்கை. வார்பரின் விற்றமின் கே-யைத் தடுத்து வேலை செய்கிறது, கீரையில் அந்த விற்றமின் நிறைய. அவர்களுக்கும் கீரை விலக்கில்லை. வல்லாரையோ முருங்கையிலையோ கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக இருந்தால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும். ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு ஒரு கிழமை வெளுத்து வாங்கினால்தான் தடுமாறும். அவர்களை உண்மையில் கவிழ்ப்பது மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல், புளுக்கோனசோல் போன்ற சில நாள் மருந்துகள். அப்பாவுக்கு வார்பரின் இல்லை. அஸ்பிரினுக்கும் குளோபிடோகிரலுக்கும் கீரையோடு பகை கிடையாது, இரத்தசோகை உள்ளவர் தாராளமாகச் சாப்பிடட்டும். சாராயத்தை மட்டும் முற்றாக விடச் சொல்லுங்கள்.

கந்தசஷ்டி: புண் ஆற எட்டுக் கிழமை பிடிக்கும், ஆறு நாள் பட்டினி இந்த வருடம் வேண்டாம். எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை என்று வந்து, டொக்டரும் சம்மதித்து, அப்பாவும் விடாப்பிடியாக நின்றால், மத்தியானம் ஒருநேரச் சாப்பாட்டோடு பிடிக்கலாம். பதினொன்றரைக்குப் பன்டொப்ரசோல், பன்னிரண்டுக்குச் சாப்பாடு, இலையை எடுத்த கையோடு இரண்டு குளிசையும். பைசோப்ரொலோலைக் காலையில் தண்ணீரோடு விழுங்குவதால் விரதம் முறியாது என்று குருக்களே சொல்வார். பால் பழம் மட்டும் என்றால் அது வெறும் வயிற்றுக் கணக்கு, அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.